பரப்பில் பற்றும் பொருள்கள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நூற்பயிற்சி மிக்க சான்றோர் வீற்றிருக்கும் இம்மேடையில், வேதியியல் பயிற்றுவித்த ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பொருளைப் பற்றியே பேசலாம் என்று இசைவும் தந்தீர்கள். ஆகவே, நம் அடுக்களையில் உள்ள நீர் வடிகட்டியிலும், மருந்துப் புட்டியில் கிடக்கும் சிறு பொட்டலத்திலும், மருத்துவமனையின் ஆக்சிஜன் கருவியிலும் ஒருங்கே தொழிற்படும் ஓர் இயற்கை நிகழ்வைப் பற்றிச் சில கூற விழைகிறேன். ஒரு பொருள் தன் மேற்பரப்பிலே பிறவற்றைப் பற்றி நிறுத்தும் நிகழ்வு அது. அறிவியல் பாட நூல்கள் அதனைப் ‘பரப்புக் கவர்தல்’ என்று குறிக்கின்றன.

துணி நிறுத்துவதும் நிறுத்தாததும்

வடிகட்டாத நீரைப் பருகலாகாது என்பது நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்படும் ஒழுக்கம். குடத்தின் வாயில் மடித்த வெள்ளைத் துணியைக் கட்டி நீர் வார்ப்பதையும், துணியில் தங்கிய சிற்றுயிர்களை நீர் எடுத்த இடத்திலேயே மெல்ல அலசி விடுவதையும் இங்குள்ள மூத்தோர் நன்கறிவர். உயிர்க்கு ஊறு நேரலாகாது என்ற அருளுணர்விலே பிறந்த வழக்கம் அது. அவ்வழக்கம் அருந்துவோர்க்கும் அரணாக அமைந்தது.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் ரீட்டா கோல்வெல் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் வங்கதேசத்தின் 65 சிற்றூர்களில் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிகட்டப் பெண்களுக்குப் பயிற்சி தந்தனர். அவ்வாறு வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இம்முடிவு 2003-இல் வெளியாயிற்று. காலராக் கிருமி துணியின் கண்ணைவிட மிகச் சிறியதாயிற்றே, அது எவ்வாறு தடைபட்டது? அக்கிருமி நீரில் மிதக்கும் சிற்றுயிர்களின் உடற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. சிற்றுயிர் துணியில் தங்கும்போது, அதைப் பற்றிய கிருமியும் உடன் தங்கிவிடுகிறது. சிறியது ஒன்று பெரியதன் பரப்பைப் பற்றிக்கொண்டால், பெரியதை நிறுத்தினால் போதும். இக்கருத்தை நினைவிற் கொள்ளுங்கள். இன்றைய உரைக்கு இதுவே திறவுகோல்.

நம் முன்னோர் அறிந்த மற்றொரு முறை, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து வைப்பது. அக்கொட்டையிலுள்ள இயற்கைப் பொருள்கள் கலங்கல் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்து எடை மிகச் செய்யும். துகள் அடியில் படியும், நீர் தெளியும்.

ஆயினும் துணிக்கும் தேற்றாங்கொட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு குவளை நீரில் சர்க்கரையைக் கரைத்து எத்தனை மடிப்புத் துணியில் வடிகட்டினாலும் நீர் இனிக்கவே செய்யும். கரைந்துவிட்ட பொருள் தனித்தனி மூலக்கூறாக நீரோடு நீராய்ச் செல்கிறது. பூச்சிக்கொல்லி, சாயம், ஆர்சனிக், ஃபுளூரைடு ஆகியன இவ்வாறு கரைந்து வருபவை. கண்ணாடி போல் தெளிந்த நீரிலும் இவை இருக்கக்கூடும். இவற்றைத் தடுக்கத் துணியின் கண் உதவாது; பற்றிக்கொள்ளும் பரப்பு வேண்டும்.

நான்கு கிராம் கரியில் ஓர் ஏக்கர்

பஞ்சு நீரை உறிஞ்சுகிறது. நீர் அதன் உள்ளெல்லாம் பரவி நிற்கிறது. இது உறிஞ்சுதல். கரித்துண்டின் மீது சாயநீரை ஊற்றினால் சாய மூலக்கூறுகள் கரியின் பரப்பில் மட்டும் வந்து படிகின்றன. இது பரப்புக் கவர்தல். ஒரு திண்மத்தின் உள்ளே இருக்கும் அணுவை அண்டை அணுக்கள் எல்லாப் புறமும் பிணைத்துள்ளன. மேற்பரப்பில் உள்ள அணுவுக்கோ ஒரு புறம் துணையில்லை. அப்புறத்தே எஞ்சி நிற்கும் ஈர்ப்பாற்றல், அருகில் வரும் மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது.

பரப்பு மிகுதியானால் பற்றும் அளவும் மிகும் என்பது இதனால் விளங்கும். நீர் வடிகட்டியில் பயன்படும் ஊக்குவித்த கரியின் ஒரு கிராமில் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு அடங்கியுள்ளது. நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்குப் புரியும் அளவில் கூறினால், ஒரு கிராம் கரிக்குள் 25 சென்ட் நிலம். நான்கு கிராமில் ஓர் ஏக்கர்! ஒரு தேக்கரண்டிக் கரியில் ஒரு வயலை மடித்து வைத்தாற்போன்றது இது.

இவ்வளவு பரப்பு எவ்வாறு உண்டாகிறது? தேங்காயின் கொட்டாங்கச்சியைக் காற்று மட்டுப்பட்ட நிலையில் எரித்தால் கரி கிடைக்கும். அக்கரியை ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் நீராவியோடு சேர்க்கும்போது, நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்து வாயுவாக வெளியேற்றுகிறது. அரித்த இடமெல்லாம் நுண்துளைகளாகின்றன. கொட்டாங்கச்சிக் கரியின் துளைகளில் பெரும்பான்மை 2 நானோமீட்டருக்கும் குறைந்த அகலமுடையவை. ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். சிறு மூலக்கூறுகளைப் பற்றுவதற்கு இவை மிகப் பொருத்தமானவை. கொட்டாங்கச்சி உறுதி மிக்கதாதலால் கரி எளிதில் பொடிந்து நீரில் கலப்பதுமில்லை. திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம் வட்டாரத்திலும் இலங்கையிலும் இத்தொழில் பெருகியிருப்பதற்குத் தென்னையே காரணம்.

இந்நிகழ்வை அறிவியல் உணர்ந்த வரலாறு நீண்டது. கரி வாயுக்களைப் பற்றுவதை 1773-இல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே கண்டார். கரைசல்களின் நிறத்தைக் கரி நீக்குவதை 1785-இல் உருசியாவில் லோவிட்சு கண்டார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்சியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் செருமானியப் படை குளோரின் நச்சுக்காற்றை ஏவியது. அவ்வாண்டிலேயே உருசிய அறிஞர் செலின்ஸ்கி கரி நிரப்பிய முகமூடியை வடிவமைத்தார். பழக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் சேர்த்துத் தாருங்கள் என்று அமெரிக்க அரசு தன் மக்களிடம் 1918-இல் வேண்டிற்று. உணவின் கழிவாகத் தூக்கியெறிந்த ஓடுகள் போர்வீரரின் மூச்சைக் காத்தன.

அதே 1918-இல் இர்விங் லாங்மியூர் என்னும் அமெரிக்க அறிஞர் இந்நிகழ்வின் கணக்கை வகுத்தளித்தார். பரப்பில் மூலக்கூறுகள் அமர்வதற்கு எண்ணத்தக்க இடங்களே உள்ளன. அவை நிறைந்தபின் மேலும் பற்ற இயலாது என்பது அதன் சாரம். அரங்கில் இருக்கைகள் நிறைந்தபின் வருவோர் வெளியே நிற்பது போன்றது அது. பரப்பு வேதியியல் ஆய்வுகளுக்காக அவருக்கு 1932-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

எலும்புக்கரி

இனி, நம் குடும்பங்கள் கருத்திற் கொள்ளவேண்டிய ஒரு செய்தி. கரி எதிலிருந்தும் செய்யலாம். மரம், நிலக்கரி, கொட்டாங்கச்சி ஆகியவற்றோடு விலங்கின் எலும்பும் கரிக்கு மூலப்பொருளாகிறது.

1811-இல் பிரான்சு நாட்டின் மோம்பெலியே நகரத்து மருந்தியலார் ஃபிகியே, மரக்கரியைவிட எலும்புக்கரி நிறத்தை நன்கு நீக்குவதைக் கண்டறிந்தார். நெப்போலியனின் போர்களால் கரும்புச் சர்க்கரை வரத்து தடைபட்டிருந்த காலம் அது. பீட்டுக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்க முயன்றோர் இம்முறையை உடனே ஏற்றனர். பழுப்புப் பாகு எலும்புக்கரிப் படுகையின் வழியே இறங்கி நிறம் நீங்கி வெளிவந்தது. பின்னர் மேலைநாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளில் எலும்புக்கரி நெடுங்காலம் ஆட்சி செய்தது. சிலவற்றில் இன்றும் உள்ளது. சுதேசி இயக்கக் காலத்தில் அயல்நாட்டுச் சர்க்கரையை விலக்கச் சொன்னோர் இக்காரணத்தையும் எடுத்துரைத்தனர்.

நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டே கரும்புச் சாற்றை வெளுக்கின்றன. புதிய சுத்திகரிப்பு ஆலைகள் அயனி மாற்றுப் பிசின்களையும் தாவர மூலக் கரியையும் பயன்படுத்துகின்றன. ஆகவே கடைச் சர்க்கரை முழுவதும் எலும்பில் வடித்தது என்ற அச்சத்துக்கு இடமில்லை. எனினும் அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் அங்கே வாங்கும் வெண்சர்க்கரை எவ்வாறு வெளுக்கப்பட்டது என்று உற்பத்தியாளரைக் கேட்டறிவது தக்கது. நீர் வடிகட்டி வாங்குவோரும் அதிலுள்ள கரியின் மூலம் யாது என்று வினவலாம். கொட்டாங்கச்சிக் கரி என்பதைப் பல நிறுவனங்கள் பெருமையுடன் பொறிக்கின்றன. புதிய வடிகட்டிப் பொருள்கள் சிலவற்றில் இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசான் சேர்கிறது என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

எலும்பே வடிகட்டியானால்

எலும்புக்கரியைத் தவிர்ப்பது எளிது என்று இதுவரை தோன்றியிருக்கும். அது எளிதல்லாத ஓர் இடமும் உண்டு. அதனைக் கூறாமல் விட்டால் இவ்வுரை நேர்மையுடையதாகாது.

ஃபுளூரைடு என்பது கருங்கல் போன்ற பாறைகளின் கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் பொருள். நிறமும் மணமும் அற்றது. சிறிதளவு பல்லுக்கு நன்மை செய்யும், மிகுந்தால் கேடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்புடைய அளவு என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வரையறுக்கிறது. அளவு மிகுந்த நீரைச் சிறு வயதில் பருகும் குழந்தைகளின் நிலைப்பற்களில் மஞ்சளும் பழுப்புமாய்க் கறை படியும். பல ஆண்டுகள் பருகினால் மூட்டுகள் இறுகும்; முதுகெலும்பு வளையாது போகும். இந்நோயைத் தடுக்க இயலும்; வந்தபின் மீட்க இயலாது. நம் நாட்டில் இது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் அறியப்பட்டது. தமிழகத்தில் தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம் மாவட்டங்களின் ஊர்கள் பல இதனால் வருந்தின.

இந்நீரைத் துணியில் வடிகட்டிப் பயனில்லை. ஊக்குவித்த கரியும் ஃபுளூரைடைப் போதிய அளவு பற்றாது. காய்ச்சிய நீரே பருகும் ஒழுக்கமுடைய பெரியோர் நம்மிடையே பலர்; அவர்கள் ஒன்றை அறிய வேண்டும். காய்ச்சினால் கிருமி அழியும், ஃபுளூரைடு அகலாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆனால் எலும்புக்கரி ஃபுளூரைடை நன்கு பற்றும். அதன் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட்டு. கரி சிறு பங்கே. எலும்பின் கனிமத்தில் உள்ள ஹைட்ராக்சில் விலகி ஃபுளூரைடுக்கு இடம் தருகிறது. ஆப்பிரிக்காவில் கென்யாவின் நகுரு பகுதியிலும் தான்சானியாவிலும் இதனைக் கொண்டு குடிநீர் வடிகட்டிகள் அமைத்திருக்கிறார்கள். மாட்டெலும்பு அங்கே எளிதிற் கிடைப்பது. வேறு பொருள் வாங்க அவ்வூர் மக்களிடம் பணமில்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எலும்புக்கரி எதனால் ஃபுளூரைடைப் பற்றுகிறதோ, அதே காரணத்தால் நம் உடலின் எலும்பும் பற்றுகிறது. உடலில் தங்கும் ஃபுளூரைடில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே சேர்கிறது. குடத்தில் வடிகட்டி இல்லாத வீட்டில், அந்நீரைப் பருகும் குழந்தையின் எலும்பே வடிகட்டியாகிவிடுகிறது. நாளும் சிறிது சிறிதாக நஞ்சைப் பற்றி, அது நிறைகிறது.

ஆகவே எலும்புக்கரி வேண்டா என்று கூறுவோர்க்கு அதனினும் பெரிய ஒரு கடமை உண்டு. வேறொரு வடிகட்டியை அவ்வூருக்குக் கொண்டு சேர்ப்பதே அது. மாற்றுத் தராத மறுப்பு, உயிர்க்கு இரங்கும் அறமாகாது.

அம்மாற்று உண்டு. ஊக்குவித்த அலுமினா என்னும் வெண்ணிறக் குருணை, கனிமத்திலிருந்து செய்யப்படுவது. அலுமினிய ஆக்சைடால் ஆனது, நுண்துளைகள் மிக்கது, ஃபுளூரைடைத் தன் பரப்பில் பற்றுவது. இராசத்தான், ஆந்திரம் முதலிய மாநிலங்களின் சிற்றூர்களில் யுனிசெஃப் துணையுடன் இதனை இல்ல வடிகட்டிகளில் பயன்படுத்திப் பார்த்துள்ளனர். எலும்புக்கரி வடிகட்டி பரவாத நம் நாட்டில், மக்களின் சமய உணர்வுக்கும் இது இசைந்தது.

இதன் கணக்கை மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஒரு வடிகட்டியில் 3 கிலோ அலுமினா இருப்பதாகவும், ஒரு கிராம் 2 மில்லிகிராம் ஃபுளூரைடைப் பற்றும் என்றும் கொள்வோம். மொத்தம் 6000 மில்லிகிராம். கிணற்று நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ளது. அதில் 3 மில்லிகிராமை நீக்க வேண்டும். ஆகவே 2000 லிட்டர் வரை வடிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் எனில் 100 நாள். அதன்பின் எரிசோடாக் கரைசலால் கழுவி, நீர்த்த அமிலத்தால் சமன் செய்தால் அலுமினா மீண்டும் பயன்படும்.

நூறாம் நாளில்தான் பல நல்ல முயற்சிகள் தோற்கின்றன. வடிகட்டியை வழங்கும் நாளில் பந்தல் உண்டு, மாலை உண்டு. நூறாம் நாள் குருணையைக் கழுவித்தரப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிடில் நிறைந்த வடிகட்டியின் வழியே நீர் வந்த வண்ணமே இறங்கும். நிறமோ மணமோ மாறாததால் அருந்துவோர் அறியார். கழுவிய நீரிலும் திரண்ட ஃபுளூரைடு இருக்கும். அதனைக் கிணற்றருகே கொட்டினால் நீக்கிய நஞ்சை நாமே திருப்பி ஊற்றியதாகும்.

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயற்பாட்டுக்கு வந்தது. நல்ல நீர் வரும் இடத்தில் வடிகட்டிக்குத் தேவை குறையும். ஆழ்துளைக் கிணற்றையே நம்பும் வீடுகளும் பண்ணைகளும் இன்னும் பல உள. அவர்களுக்கே இவ்வளவும் கூறினேன்.

பற்றலும் விடுதலும்

பரப்பில் பற்றியதை மீண்டும் விடுவிக்க இயலும் என்பது இந்நிகழ்வின் தனிச்சிறப்பு. வெப்பத்தைக் கூட்டினாலோ அழுத்தத்தைக் குறைத்தாலோ பரப்பு தான் பற்றியதை விட்டுவிடும். பிரித்தெடுக்கும் தொழில்நுட்பங்கள் பலவும் இதன் மேல் எழுந்தவையே.

2021-ஆம் ஆண்டுக் கோடையை எவரும் மறந்திரார். ஆக்சிஜன் உருளைக்காக மக்கள் இரவும் பகலும் அலைந்த நாள்கள் அவை. அப்போது வீடுகளுக்கு வந்த ஆக்சிஜன் செறிவூட்டியினுள்ளே இருந்தது சியோலைட்டு என்னும் படிகப் பொருள். 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலார் குரோன்ஸ்டெட்டு, சூடாக்கினால் நீராவி பொங்கும் ஒரு கல்லைக் கண்டு ‘கொதிக்கும் கல்’ என்ற பொருளில் அப்பெயரிட்டார். காற்றில் 78 விழுக்காடு நைட்ரசனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ளன. இரண்டு மூலக்கூறுகளும் அளவில் ஏறத்தாழ ஒத்தவை. ஆயினும் சியோலைட்டில் உள்ள நேர்மின் அயனிகள் நைட்ரசனை மிகுதியாக ஈர்க்கின்றன. அழுத்திய காற்றை ஓர் உருளையில் செலுத்தினால் நைட்ரசன் படிகத்தில் தங்கும். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆக்சிஜன் வெளிவரும். சில நொடிகளில் அழுத்தத்தை நீக்கினால் நைட்ரசன் விடுபட்டு அகலும். அதற்குள் இரண்டாம் உருளை பணியேற்கும். அக்கருவியிலிருந்து விட்டு விட்டுக் கேட்ட ஒலி இம்மாற்றத்தின் ஒலியே.

தேசசு போர் விமானத்தில் விமானியின் மூச்சுக்காக இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நுட்பத்தைக் கொண்டு, நிமிடத்துக்கு 1000 லிட்டர் ஆக்சிஜன் தரும் நிலையங்கள் மருத்துவமனைகளில் அமைந்தன. ஈரக்காற்று பட்டால் சியோலைட்டின் திறன் கெடும். ஆகவே அந்நிலையங்களை இயக்காமல் பூட்டி வைப்பதும் முறையாகப் பேணாதிருப்பதும் அவற்றை இழப்பதற்கு ஒப்பாகும். மருத்துவமனைக்கு நன்கொடையாகக் கருவி வழங்கும் அறக்கட்டளைகள் பேணுதற் செலவையும் சேர்த்தே வழங்குதல் வேண்டும்.

மருந்துப் புட்டியில் கிடக்கும் சிலிக்கா களிப் பொட்டலமும் இவ்வினத்ததே. காற்றின் ஈரத்தைப் பற்றுவது. ஏட்டுச் சுவடிகளைக் காத்துவரும் குடும்பங்கள் சில இங்கிருக்கக்கூடும். மழைக்காலத்தில் மூடிய பேழைக்குள் இதனை வைப்பதால் பூஞ்சை குறையும். ஆனால் மிகுதியாக வைத்தால் ஓலை வறண்டு முறியும். ஈரமானியின் துணையின்றி இதனைச் செய்தல் ஆகாது.

இன்று இத்துறை நெடுந்தொலைவு வந்துள்ளது. உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் தூணும் உத்திரமும் போல் இணைத்து வேண்டிய அளவில் துளை அமைக்கும் புதிய கட்டமைப்புகளுக்காகக் கிட்டகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவர்க்கு 2025-இன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பாலைவனக் காற்றிலிருந்து இரவில் ஈரத்தைப் பற்றி, பகல் வெப்பத்தில் நீராக விடுவிக்கும் பொருள்களும் அவற்றுள் உள.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

இவ்வளவும் கேட்டபின், நாங்கள் செய்ய வேண்டியது யாது என்று தாய்மார்கள் வினவக்கூடும். நான்கு செய்திகளைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, வடிகட்டி வாங்குமுன் நீரை ஆய்வு செய்யுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் சிறு கட்டணத்தில் நீரை ஆய்ந்து தருகிறார்கள். நோயறியாமல் மருந்து வாங்குவோர் இல்லை; நீருக்கும் அதுவே முறை.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளும் சிலவற்றையே பற்றும். கரி, குளோரினையும் கெட்ட மணத்தையும் பூச்சிக்கொல்லிகள் பலவற்றையும் நீக்கும். உப்பையும் கடினத்தன்மையையும் நீக்காது. கிருமியைக் கொல்லாது. குளோரின் நீங்கிய நீரில் கிருமி வளர்வது எளிதாதலால், கரியில் வடித்த நீரை நெடுநேரம் தேக்கி வைக்காதீர்கள். சவ்வு வழிச் சுத்திகரிப்புக் கருவி ஃபுளூரைடையும் உப்பையும் நீக்கும். ஆனால் அதற்கு ஈடாக நிறைய நீரைக் கழிவாக வெளியேற்றும். அந்நீரைப் பாத்திரம் துலக்கவும் தரை கழுவவும் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, கரி உருளையை மாற்றும் நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். நிறைந்த கரியை வெயிலில் உலர்த்துவதாலோ வெந்நீரில் அலசுவதாலோ பழைய ஆற்றல் திரும்பாது. தொழிற்சாலை உலைகளின் உயர்வெப்பத்திலேதான் அது புத்துயிர் பெறும்.

நான்காவது, குழந்தை நஞ்சுப்பொருளை விழுங்கிவிட்டால் அடுப்புக்கரியைக் கரைத்துக் கொடுக்க முனையாதீர்கள். மருத்துவமனையில் ஊக்குவித்த கரி தருவதுண்டு; அதன் பயன் நஞ்சு உட்சென்ற முதல் ஒரு மணி நேரத்தில் மிகுதி. அமிலம், எரிசோடா, மண்ணெண்ணெய் போன்றவற்றுக்கு அது தரத்தக்கதன்று. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. ஆகையால் பொழுதை வீணாக்காது அங்கே விரைய வேண்டும்.

அன்பர்களே! நீரினின்று நஞ்சை நீக்கினோம் என்று சொல்கிறோம். அறிவியற்படி அந்நஞ்சு அழியவில்லை. நீரை விட்டுக் கரிக்கும் குருணைக்கும் இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே. பற்றிய பொருள் எதிலிருந்து வந்தது, எதைப் பற்றியது, நிறைந்தபின் எங்கே செல்கிறது ஆகிய மூன்றையும் வினவுவோர் இல்லத்தில் நீரும் தூயது. அவ்வில்லம் வெளியே விடும் கழிவும் பிறர்க்குத் தீங்கு செய்யாது. துணியில் தங்கிய சிற்றுயிரை அது வந்த நீரிலேயே திரும்ப விட்ட நம் பாட்டிமார், மூன்றாம் வினாவுக்கு விடை அறிந்தவர்கள். புதிய வடிகட்டிகளைக் கையாளும் நாமும் அவ்வினாவை மறவாதிருப்போமாக.

நம் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் உதவி செய்துவருகிறீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரையே பருகும் நம் ஊர்கள் சிலவற்றில் ஃபுளூரைடு அளவை ஆய்ந்தறியும் பணியை அடுத்த ஆண்டு மேற்கொள்ளுங்கள். தேவை எனக் கண்ட இடத்தில் அலுமினா வடிகட்டி வழங்குங்கள். நூறு நாளுக்கொருமுறை அதனைப் புதுப்பிக்கும் பொறுப்பை அவ்வூர் இளைஞர் இருவரிடம் ஒப்படையுங்கள். அப்பணிக்கு வேண்டிய பயிற்சியை அளிக்க நான் அணியமாயிருக்கிறேன்.